மெல்போர்னில் தேநீருக்குப் பிறகு

காரைக்குடி செக்காலை ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் சத்தியமூர்த்தி கிரிக்கெட் மட்டையைக் கடைசியாகக் கையில் பிடித்தது ஒன்பதாம் வகுப்பில். அன்றைக்கும் முதல் பந்திலேயே ஸ்டம்பு எகிறிவிட்டது. இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. இந்தியா உலகத்தின் எந்த மூலையில் டெஸ்ட் ஆடினாலும் அதன் வெற்றிக்கும் தோல்விக்கும் தம் வீட்டுக் கூடம்தான் பொறுப்பு என்று மனிதர் மனதார நம்பினார். ஆடுகிறவர்கள் அவுட்டானால் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். சத்தியமூர்த்திக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பொறுப்பில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. எதிர்க்கடை ஜெய்னுலாபுதீன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஊர்க்காரர்கள் பார்வையையெல்லாம் சரி செய்த தமக்கு அம்பயர்கள் பார்வையைச் சரி செய்யக் கொடுத்து வைக்கவில்லையே என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. டெஸ்ட் என்றால் ஜெய்னுலாபுதீன் கழனிவாசலிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, சுப்பிரமணியபுரத்தில் இருக்கும் சத்தியமூர்த்தி வீட்டுக்கு வந்துவிடுவார். ஆஸ்திரேலியாவில் ஆட்டம் என்றால் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். இருபத்தைந்து வருஷமாக இது நடக்கிறது.

கூடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். இடது பக்கத்தது ஜெய்னுலாபுதீனுக்கு. அங்கே இரண்டு பேர் நிலைத்து ஆடத் தொடங்கிவிட்டால் இங்கே இரண்டு பேரும் எழுந்திருக்கக் கூடாது. காபி கொண்டுவருகிற மெய்யம்மை ஆச்சி டிவிக்குக் குறுக்கே வரக் கூடாது. பின்பக்கமாக வந்து தோளுக்கு மேலே டம்ளரை நீட்ட வேண்டும். பெர்த்தில் முதல் டெஸ்ட்டை இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ரன் வித்தியாசத்தில் ஜெயித்தபோது சத்தியமூர்த்தி பச்சைக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார். ஆகவே தொடர் முடிகிறவரை அதுதான் கைலி என்று முடிவாயிற்று. நடுவில் மெய்யம்மை அதைத் துவைத்துப் போட்டுவிட்டார். அடுத்த டெஸ்ட்டில், அடிலெய்டில், இந்தியா மூன்றாம் நாளே சுருண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சத்தியமூர்த்தி இரண்டு நாள் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நாலு நா கட்டுன கைலி. நாறிப்போயிக் கெடந்துச்சு. நாத்தத்துலதான் ஒங்க ராசி இருக்குன்டு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மெய்யம்மை.

மூன்றாவது டெஸ்ட், பிரிஸ்பேனில். மழை புண்ணியத்தில் டிரா. அதில் இந்தியாவின் கடைசி ஜோடி எப்படியோ தட்டுத் தடுமாறி ஃபாலோ ஆனைத் தவிர்த்தது. அதற்கு இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கால் கிலோ அல்வா வாங்கிவரச் சொல்லித் தின்றார்கள். அவமானம் கொஞ்சம் குறைந்ததற்கு அல்வா தின்கிற கூட்டம் இந்த உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்டின் இரண்டாம் நாள்தான் மெய்யம்மை அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். நகரத்தார் வீடுகளில் கார்த்திகை தீபம் கழிந்த கையோடு பிள்ளையார் நோன்புக்கு நூல் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். புது வேட்டியிலிருந்து நாள்தோறும் ஆளுக்கொரு நூல் உருவி வைக்க வேண்டும். இருபத்தொன்றாம் நாள் அந்த நூல்களைத் திரியாகத் திரித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்று அதற்குப் பெயர். இப்போதெல்லாம் கடைசி நாளில் மொத்தமாக உருவிக்கொள்கிற வீடுகள் நிறைய. மெய்யம்மைக்கு அந்தக் குறுக்கு வழி பிடிக்காது.

"அதான் விடியக்காலம் எந்திரிச்சு டிவி முன்னால உக்காருறீகல்ல. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள, ஆட்டமில்லாத நாள்ல காபி குடிக்கிறதுக்குள்ள, ஒங்களுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு உருவிச் சம்புடத்துல போட்டுருங்க" என்றார். மகன் ஆதித்தன் சிங்கப்பூரில் இருந்தான். வீட்டில் இழை எடுக்க இவர்கள் இரண்டு பேர்தான். சத்தியமூர்த்தியும் சரி என்றார். வேலை செய்தமாதிரியும் இருக்கும், டிவியை விட்டு எழுந்ததாகவும் ஆகாது.

பிறகு மெல்போர்ன் வந்தது.

நான்காவது டெஸ்ட்டின் ஐந்தாம் நாள், டிசம்பர் முப்பது, திங்கட்கிழமை. ஜெயிக்க முந்நூற்று நாற்பது ரன் வேண்டும். அது ஆகிற காரியமில்லை என்று தெரிந்துபோயிற்று. பொழுதை ஓட்டி டிரா செய்தால் போதும். உணவு இடைவேளைக்கு முப்பத்து மூன்று ரன், மூன்று விக்கெட் காலி. அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்து நின்றார்கள் பாருங்கள், அசையவே இல்லை. இங்கே நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் அசையவில்லை. மெய்யம்மை தட்டில் இட்லியை வைத்து மடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் ஒரு விக்கெட்கூட விழவில்லை. தேநீர் இடைவேளை வந்ததும் இருவரும் கொல்லைப் பக்கம் ஓடிய ஓட்டத்தை ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் பார்த்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

மணி பத்து. கடை திறக்கிற நேரம். இரண்டு கடையும் பூட்டியே கிடந்தன. ஆட்டம் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜெய்னுலாபுதீனின் போன் அடித்தது. கண்ணாடி வாங்கிப் போகக் குன்றக்குடியிலிருந்து வந்த ஒருவர், பூட்டின கடை வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். உட்கார்ந்தபடியே பேசிப் பார்த்தார் ஜெய்னுலாபுதீன். சரியாகக் கேட்கவில்லை.

"ஒரே நிமிசம்" என்று எழுந்து வாசலுக்குப் போனார்.

விக்கெட் விழுந்தது. நூற்று இருபத்தொன்றுக்கு நான்கு.

அவர் அலறியடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நூற்று முப்பதுக்கு ஆறு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் எரிகிற வயிறு நாக்கைப் பேசவிட்டுவிடக் கூடாது. சத்தியமூர்த்தி விட்டுவிட்டார்.

"போன் பேச நேரம் பாத்தே பாரு! எந்திரிக்காதேன்டு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீ கால் வச்ச எடம் எதுய்யா வெளங்கியிருக்கு?"

இது கிரிக்கெட்டுக்குச் சொன்ன சொல்தான். ஆனால் ஜெய்னுலாபுதீனுக்கு அது வேறு இடத்தில் போய்க் குத்தியது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சவூதியிலிருந்து வந்த கையோடு அவர் ஒரு செருப்புக் கடை திறந்தார். பதினோரு மாதத்தில் இழுத்து மூட வேண்டியதாயிற்று. அப்போது தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதே சத்தியமூர்த்திதான். எதிர்க்கடை காலியானதும் கண்ணாடிக் கடை வைக்கச் சொல்லித் துணிச்சல் கொடுத்தவரும் அவர்தான். சொல் வாயை விட்டுப் போன அந்த நொடியிலேயே சத்தியமூர்த்திக்கு அது தெரிந்தது.

ஜெய்னுலாபுதீன் பாதி குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சமிருந்த நான்கு விக்கெட்டும் அவர் இல்லாமல்தான் விழுந்தன. ராசிக் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்த மாதிரிக் கணக்கை மட்டும் பார்க்கவே மாட்டார்கள்.

மறுநாளிலிருந்து செக்காலை ரோடு இரண்டு பட்டுவிட்டது. எதிரும் புதிருமாக இருக்கிற கடைகள். இவர் நிமிர்ந்தால் அவர் குனிவார். அவர் ஷட்டரைத் தூக்கினால் இவர் உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாவைத் துடைப்பார். எப்போதும் பதினோரு மணிக்கு இருவரும் செம்மலையின் டீக்கடையில் சேர்ந்து நின்று இந்திய அணியின் தேர்வுக் குழுவை வறுத்தெடுப்பது வழக்கம். இப்போது ஜெய்னுலாபுதீன் பத்தே முக்காலுக்கு வந்து போனார். சத்தியமூர்த்தி பதினொன்றே காலுக்கு வந்தார்.

"என்னண்ணே, பாய் ஒரு செஷன் வாராக, நீங்க ஒரு செஷன் வாரீக? நடுவுல இடைவேளையா?" என்று கேட்டார் செம்மலை.

சத்தியமூர்த்தி டீயை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ரோட்டைக் கடந்தால் இருபது அடி. ஆனால் இத்தனை வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவே மன்னிப்பு என்கிற பொருளே புழங்கியதில்லை. எப்படி எடுப்பது, எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குப் புரியவில்லை. சிட்னி டெஸ்ட் தொடங்கினால் தானாக வந்துவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஜனவரி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. சிட்னியில் கடைசி டெஸ்ட் தொடங்கியது. ஜெய்னுலாபுதீன் வரவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் சத்தியமூர்த்தி வாசலைப் பார்த்தார். வந்தவர் பால்காரர். ஆறு மணிக்கு மெய்யம்மை முருங்கைக் கீரையோடு வந்து இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார்.

"அது ஜெய்னு எடம்" என்றார் சத்தியமூர்த்தி.

"அவுகதான் வரலையே."

"இருந்தாலும்."

"ராசியில்லாதவுக எடந்தானே? நான் உக்காந்தா கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு?"

மெய்யம்மை கீரைக் கட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இந்தியா அன்றைக்கு நூற்று எண்பத்தைந்துக்கு அவுட்.

மறுநாள் சனிக்கிழமை. பிள்ளையார் நோன்பும் அன்றைக்குத்தான். காலையில் அதிசயம் நடந்தது. ஆஸ்திரேலியாவும் நூற்று எண்பத்தொன்றுக்குச் சுருண்டது. நாலு ரன் நமக்கு அதிகம்! சத்தியமூர்த்தி துள்ளிக் குதித்து, வழக்கம்போல இடது பக்கம் திரும்பி ஓங்கித் தட்டினார். வெறும் பிரம்பில் கை பட்டு வலித்தது. முப்பது நொடியில் சந்தோஷம் வடிந்துபோயிற்று. சந்தோஷப்படுவதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்பது இத்தனை நாள் அவருக்குத் தோன்றியதே இல்லை.

இந்தியா மறுபடி ஆட வந்தது. விக்கெட்டுகள் விழுந்தன, ஆனால் நடுவில் ஒருவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு விளாச ஆரம்பித்தார். பந்து நாலு பக்கமும் பறந்தது. அட, இந்த டெஸ்ட்டை ஜெயித்துத் தொடரைச் சமன் செய்துவிடுவோம் போலிருக்கிறதே என்று சத்தியமூர்த்தி நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் இன்னொன்றும் தோன்றியது.

ஜெயித்துவிட்டால்? ஜெய்னுலாபுதீன் இருந்தபோது தோற்றார்கள், இல்லாதபோது ஜெயித்தார்கள் என்றல்லவா ஆகிவிடும்? அன்றைக்குத் தாம் சொன்ன பாழும் சொல் நிஜம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து முத்திரை குத்தி வந்துவிடுமே. அப்புறம் எந்த முகத்தோடு ரோட்டைக் கடப்பது? மன்னிச்சுக்க, நீ ராசியில்லாதவன்தான், ஆனாலும் வா என்றா கூப்பிடுவது?

வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தியமூர்த்தி ஓர் ஓவர் முழுக்க இந்தியா ஜெயிக்க வேண்டாம் என்று நினைத்தார். ஓவர் முடிந்ததும் திடுக்கிட்டுக் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். அதற்குள் விளாசிக்கொண்டிருந்தவர் அவுட்டாகிவிட்டார். ஆட்டம் முடியும்போது நூற்று நாற்பத்தொன்றுக்கு ஆறு.

அன்று சாயங்காலம் மெய்யம்மை கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டு, ஆவாரம்பூவும் அருகம்புல்லும் வைத்து, பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் எடுத்து வைத்தார். மாவைப் பிசைந்துவிட்டுச் சம்புடத்தைத் திறந்து நூலை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இருபதுதான் இருக்கு."

"நல்லா எண்ணு."

"ஒங்களதும் இருபது, எனதும் இருபது. ஒரு நா விட்டுருக்கீக."

"நான் எங்க விட்டேன்? தெனமும் விடியக்காலத்துலயே..." என்று ஆரம்பித்த சத்தியமூர்த்தி பாதியில் நின்றார். நான்காவது டெஸ்ட்டின் கடைசி நாள். காலையில் இருந்த பதற்றத்தில், ஆட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். ஆட்டம் முடிந்தபோது நூல் நினைவிலேயே இல்லை.

"மெல்போர்னு அஞ்சாம் நாளா?" என்று கேட்டார் மெய்யம்மை. அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லை. ஆனால் முப்பது வருஷமாக அந்த வீட்டில் பஞ்சாங்கம் அப்படித்தான் ஓடுகிறது.

சத்தியமூர்த்தி தலையை ஆட்டினார்.

மெய்யம்மை புது வேட்டியை விரித்து இரண்டு நூலை உருவிச் சேர்த்தார். "இந்தா, இருபத்தொன்னு ஆச்சு. இதுக்கெல்லாம் பிள்ளையாரு கோவிச்சுக்கிற மாட்டாரு. கோவிச்சுக்கிட்டவுக எதுத்த கடையில இருக்காக. அவுக கணக்கை எதை உருவி நேர் பண்ணப் போறீக?"

இழையை ஏற்றி முதலில் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, தமக்கானதைச் சத்தியமூர்த்தி வாயில் போட்டுக்கொண்டார். சுடர் நாக்கில் பட்டு அணைந்தது. எப்போதும்போல் சுடவில்லை. இந்த நாக்கைக் கொஞ்சம் சுட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மிச்சத்தையும் பார்த்துத் தொலைத்தார். மீதி நான்கு விக்கெட்டும் பதினாறு ரன்னுக்குள் போயின. நம்பியிருந்த பந்துவீச்சாளர் முதுகு வலியால் பந்து வீச வரவில்லை. ஆஸ்திரேலியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. தொடர் மூன்றுக்கு ஒன்று. பத்து வருஷம் கழித்துக் கோப்பை அவர்கள் கைக்குப் போனது.

சத்தியமூர்த்தி டிவியை அணைத்தார். கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார வேண்டிய நேரம் அது. கையை வைத்தும் பார்த்தார். ஆனால் துக்கத்துக்கு அடியில் சின்னதாக ஒரு நிம்மதி ஓடுவது தெரிந்தது. அது தெரிந்ததும் தம் மேலேயே அருவருப்பு வந்தது. நாடு தோற்றுக் கிடக்கிறது, இவருக்கு நிம்மதியாம்!

எல்லாவற்றையும்விட மோசம், திட்டுவதற்கு ஆள் இல்லாததுதான். அந்த ஷாட் ஏன் ஆடினான், இவனை ஏன் எடுத்தார்கள், அவனை ஏன் உட்கார வைத்தார்கள் என்று இரண்டு மணி நேரம் பேசித் தீர்த்தால்தான் ஒரு தோல்வி செரிக்கும். மெய்யம்மையிடம் ஆரம்பித்துப் பார்த்தார்.

"நாலு விக்கெட்டு. பதினாறு ரன்னு. என்ன சொல்லுறே?"

"பாவம்" என்றார் மெய்யம்மை. அவ்வளவுதான். ஓர் எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். "நோன்புப் பொரியும் பணியாரமும் இருக்கு. வருசா வருசம் சுபைதா வீட்டுக்குக் குடுக்குறதுதானே. போயிக் குடுத்துட்டு வாங்க. அங்குட்டுப் போயி மொழம் மொழமாப் பேசிக்கிட்டு நிக்காம, மொதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

கழனிவாசலில் ஜெய்னுலாபுதீன் வாசலில் நின்று ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். சத்தியமூர்த்தியைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

சத்தியமூர்த்திக்கு நெஞ்சில் அறைந்தாற்போல் இருந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து வாடா, போடா, வா, போ என்று மட்டுமே பேசிய வாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உள்ளே ஜெய்னுலாபுதீனின் மனைவி சுபைதா தூக்கை வாங்கிக்கொண்டார். "ஆச்சி நல்லா இருக்காகளாண்ணே? நேத்தே எதிர்பாத்தோம். டீ போடுறேன், இருங்க" என்று அடுப்படிக்குப் போனார். இரண்டு ஆண்களும் நடுவில் ஒரு ஸ்டூலை வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"மேட்ச்சு முடிஞ்சிருச்சு" என்றார் சத்தியமூர்த்தி.

"அப்படிங்களா? நான் பாக்கல."

"பாக்கவே இல்லையா?"

"நான் பாத்தா வெளங்காதுல்ல. அதான் நமக்கு எதுக்குன்டு விட்டுட்டேன். ஜெயிச்சாச்சுங்களா?"

சத்தியமூர்த்திக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வந்தது கிரிக்கெட்தான்.

"எங்குட்டு ஜெயிக்கிறது? தோத்தாச்சு."

"எப்படி?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. மூன்று நாளாக உள்ளே கிடந்து புளித்தது அத்தனையும் கொட்டியது. டாஸிலிருந்து ஆரம்பித்தார். முதல் நாள் சுருண்டது, மறுநாள் அவர்களைச் சுருட்டியது, நாலு ரன் அதிகம் எடுத்தது, ஒருவர் வந்து விளாசியது, முதுகு வலி. கை ஆடியது, குரல் ஏறியது. ஜெய்னுலாபுதீன் சுவரைப் பார்த்தபடி உம், உம் என்று மட்டும் சொன்னார்.

"இன்னைக்குக் காலையில பாக்கணும் நீ கூத்தை. கையில நாலு விக்கெட்டு இருக்கு. நின்னு ஆடுனா ஒரு அம்பது, அறுபது வராது? மொத்தமா இருபது ரன்னு அடிச்சிட்டு நாலு பேரும்..."

"பதினாறு" என்றார் ஜெய்னுலாபுதீன்.

சத்தியமூர்த்தி நிறுத்தினார். ஜெய்னுலாபுதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்படியிலிருந்து சுபைதா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"பாக்கலன்டு சொன்னே?"

"எங்க பாக்காம இருந்தாக!" என்று டீயோடு வந்தார் சுபைதா. "மூணு நாளா நாலரை மணிக்கு எந்திரிச்சு, சத்தத்தை அமத்தி வச்சுட்டு, போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தாக. கேட்டா, தொழுகைக்கு எந்திரிச்சேன்டாக. தொழுதுட்டு வந்து பத்து மணி வரைக்கும் என்னத்தைப் பாத்தீகன்டு கேட்டா, நியூஸாம்." டம்ளர்களை வைத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள்.

"அந்தச் செருப்புக் கடையை மூடுனப்ப ஊரே சொல்லுச்சு" என்றார் ஜெய்னுலாபுதீன். குரல் தணிந்திருந்தது. "சொந்தக்காரங்க சொன்னாக. பள்ளிவாசலுக்குப் போனா அங்கயும் ஒருத்தர் சொன்னாரு. இவன் கால் வச்ச எடம் வெளங்காதுன்டு. நீ ஒருத்தந்தான் சொல்லல. சரி, சொல்லாத ஒருத்தன் இருக்கான்டு இத்தனை வருசம் ஓட்டிட்டேன். இப்ப நீயும் சொல்லிட்டே."

அவர் 'நீ' என்றதுகூட அப்போது சத்தியமூர்த்திக்கு உறைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"தப்புப்பா. பெரிய தப்பு. சொன்ன நிமிசமே தெரிஞ்சிருச்சு. வந்து சொல்லத்தான் தைரியம் வரல. என்னைய மன்னிச்சிரு ஜெய்னு."

"தப்புத்தான்" என்றார் ஜெய்னுலாபுதீன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததுதான் சத்தியமூர்த்திக்கு ஆறுதலாக இருந்தது.

"நீ இல்லாம ஆட்டமே பாக்க முடியல. அவிங்களைச் சுருட்டுனப்ப சந்தோசப்பட்டு ஒன் பக்கம் திரும்புனா நாக்காலிதான் இருக்கு. அதைவிட நேத்து ஒன்னு நடந்துச்சு பாரு, அதை மெய்யம்மைகிட்டக்கூடச் சொல்லல." சத்தியமூர்த்தி அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன் வந்து விளாசுனான்ல? ஜெயிச்சிருவோம் போல இருந்துச்சுல்ல? எனக்குப் பயமாப் போச்சு. நீ இல்லாதப்ப ஜெயிச்சா, நான் சொன்னது நெசம்ன்டு ஆயிரும்ல. அப்புறம் ஒன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதான்..."

"அதான்?"

"ஜெயிக்க வேணாம்ன்டு நெனச்சேன்."

ஜெய்னுலாபுதீன் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு? நீயா? இந்தியா ஜெயிக்க வேணாம்ன்டா?"

"ஒரே ஒரு ஓவர்தான்யா. அப்புறம் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

"எந்த ஓவரு?"

"அந்த விளாசல் நடந்துச்சுல்ல, அப்பத்தான். ஓவர் முடிஞ்சு கன்னத்துல போட்டுக்கிட்டு நிமிந்து பாத்தா அவன் அவுட்டு."

ஜெய்னுலாபுதீன் எழுந்து நின்றுவிட்டார். சத்தியமூர்த்தி பயந்துபோனார். எதிரே நின்றவரின் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, ஒரு நல்ல ஆட்டக்காரனைத் தேர்வுக் குழு ஒதுக்கிவிட்டால் வருமே, அந்தக் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! அவன் நின்னிருந்தா இன்னும் அம்பது ரன் வந்திருக்கும்டா! நான் மூணு நாளா ஒண்ணுக்குக்கூட எந்திரிக்காம உக்காந்து காப்பாத்திக்கிட்டு இருக்கேன், நீ அங்க உக்காந்து வேணாம்ன்டு நெனச்சிருக்கே!"

இருபத்தைந்து வருஷத்தில் யாரும் சத்தியமூர்த்தியை இப்படி வாயாரத் திட்டியதில்லை. கேட்கக் கேட்க அவருக்கு உச்சி குளிர்ந்தது. வாதாடவே தோன்றவில்லை.

"ஆமாப்பா" என்றார். "நாந்தான்."

"சுபைதா!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார் ஜெய்னுலாபுதீன். "இங்குட்டு வா! சீரிஸ் யாரால போச்சுன்டு தெரிஞ்சு போச்சு. இந்தா உக்காந்திருக்கான் பாரு, பணியாரத் தூக்கோட!"